பின் சீட்டு மூட்டை

எப்படி வந்துச்சாம் ஆர்வம்? கேக்கறா பாரு கேள்வி, யூடியூப்புக்கு வீடியோ எடுக்க வந்த புள்ள. அம்பத்தோரு வயசுப் பொம்பள ஒருத்தி ஹெல்மெட்டு மாட்டி, ரெண்டு தோளுக்கும் பெல்ட்டு இறுக்கி, ரெக்கை வெச்ச மூணு சக்கர வண்டியில முன் சீட்டுல உக்காந்து, இன்னும் சித்த நேரத்துல ஒத்தையா மேல பறக்கப் போறா. அவகிட்ட மைக்க நீட்டி, 'ஆன்ட்டி, உங்களுக்கு இந்த ஆர்வம் எப்படி ஆன்ட்டி வந்துச்சு?' என்னமோ சொறி சிரங்கு வந்த மாதிரி. எப்ப ஆரம்பிச்சுது, எங்க ஆரம்பிச்சுது, வீட்டுல வேற யாருக்காச்சும் இருக்குதா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவளே பதிலும் கையில வெச்சிருக்கறா. 'சின்ன வயசுல பறவைங்களப் பாத்து ஆசை வந்துச்சுன்னு சொல்லுங்க ஆன்ட்டி, வீடியோவுக்கு நல்லா இருக்கும்.' பறவையாம் பறவை. நான் சின்ன வயசுல பாத்தது காக்காயும் கோழியும். கோழியப் பாத்து எவளுக்குடி பறக்கோணும்னு தோணும்? அடிச்சுக் கொழம்பு வெக்கோணும்னுதான் தோணும். அதச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள பக்கத்துல வந்து நின்னுட்டாரு எங்க வீட்டுக்காரரு, ஈஸ்வரமூர்த்தி, திருப்பூர்ல பனியன் கம்பெனி மொதலாளி, வயித்த உள்ள இழுத்துக்கிட்டு, மைக்குல வாயக் குடுத்து, 'நான்தாம்மா என்கரேஜ் பண்ணினேன். லேடீஸும் முன்னுக்கு வரோணும் பாருங்க.' முன்னுக்கா? நானா? இருபத்தெட்டு வருசமா என்னைய எந்தச் சீட்டுல உக்கார வெச்சீங்கன்னு அந்தப் புள்ளகிட்டச் சொல்லட்டுங்களா? பல்லக் கடிச்சுக்கிட்டேன். ஹெல்மெட்டுக்குள்ள பல்லக் கடிச்சா காதுக்குள்ள நறநறன்னு கேக்குது.

காத்து இன்னும் அடங்கல. ஓரமா கம்பத்துல கட்டின ஆரஞ்சுத் துணிப் பை, காத்தடிச்சா உப்பிக்கிட்டுத் தூக்கும், அடங்கினா சோந்து தொங்கும். அது தொங்கினாத்தான் எனக்கு மேல போக வழி. ரன்வேன்னு பேருதான் பெருசு. தாராபுரத்துக்குப் பக்கத்துல இவரு கூட்டாளி ஒருத்தரோட கொரங்காடு, ஆடு மாடு மேயற வெறுங்காடு, அதுக்கு நடுவுல நீளமாப் புல்ல வெட்டி ரோலர் உட்டு வெச்சிருக்கறாங்க. காவக்கார ராக்கியண்ணன் டிவிஎஸ்ல அந்தக் கடைசி வரைக்கும் போயி மயில வெரட்டிட்டு வாராரு. இந்தப் பக்கம் வெரட்டினா அந்தப் பக்கம் எறங்குதுங்க சனியனுங்க. பின்னால சுத்தற காத்தாடியில ஒரு மயிலு மாட்டுச்சுன்னா மயிலும் போச்சு நானும் போச்சு. போவட்டும், அதில்ல இப்பப் பெரச்சினை. கார்க்கிட்ட நின்னுக்கிட்டு அவரு எட்வின் தம்பிகிட்ட என்னமோ பேசறாரு. எட்வின் தம்பிதான் இங்க எங்களுக்கெல்லாம் வாத்தியாரு. நாகர்கோவில் பக்கம், விமானப் படையில மெக்கானிக்கா இருந்துட்டு வந்தவரு. காது அடைச்சுக் கெடக்கறதால அவங்க பேசறது ஒன்னும் கேக்கல, வாய் அசையறது மட்டும் தெரியுது. ஆனா கையப் பாருங்க, கைய. அவரு எடது கையில தொங்குதே, அது என்ன? இன்னொரு ஹெல்மெட்டு. அது எதுக்கு இப்ப? இந்த வண்டியில ரெண்டே சீட்டு, ஒன்னுக்குப் பின்னால ஒன்னு. கத்துக்கறவங்க முன்னால, வாத்தியாரு பின்னால. இன்னிக்கு வாத்தியாரு ஏற மாட்டாரு, யாருமே ஏறக்கூடாது. ஒத்தையா மேல போயி, ஒத்தையா ஒரு சுத்து சுத்தி, ஒத்தையா எறங்கினாத்தான் அது சோலோ, அதுக்கப்பறந்தான் நான் வண்டி ஓட்டறவ. என்ற எடை பத்தாதுன்னு பின் சீட்டுல மணல் மூட்டைய வெச்சுக் கட்டோணும், இல்லைன்னா வண்டி காத்துல துள்ளும். அந்த மூட்டை இந்தா, சக்கரத்துக்குப் பக்கத்துல தரையிலயே கெடக்குது. கட்டறதுக்கு ஒருத்தரும் வரல. ஒன்னு மூட்டை ஏறோணும், இல்லைன்னா அவரு ஏறிருவாரு. இன்னிக்கு உட்டா வைகாசி பொறந்துரும், பாலக்காட்டுப் பக்கமிருந்து காத்து கெளம்பி வந்துரும், அப்பறம் ஐப்பசி தாண்டித்தான். அதுக்குள்ள என்னென்ன காரணம் மொளைக்குமோ. உனக்கு பிரஷர் இருக்குது சாந்தாமணி, உனக்கு முட்டி வலி இருக்குது சாந்தாமணி. எனக்கு வலிக்கறது முட்டியில இல்லீங்க.

ஆர்வம்ங்கறாளே, இங்க வர்ற ஆம்பளைங்க ஒருத்தர்கிட்டயாச்சும் இந்தக் கேள்வியக் கேட்டிருப்பாளா? பல் டாக்டர் ஒருத்தரு வாராரு, காலமெல்லாம் அடுத்தவன் வாயிக்குள்ளயே பாத்துப் பாத்து மனசு விட்டுப் போச்சாம், சித்த தூரமாப் பாக்கோணும்னு வந்தேங்கறாரு. காங்கேயத்துத் தேங்கா யாவாரி பையன் ஒருத்தன், நிச்சயம் பண்ணின பொண்ணுக்கு போட்டோ அனுப்பறதுக்குன்னு வந்தான். பொண்ணு போயிருச்சு, இவன் இன்னும் வந்துக்கிட்டு இருக்கறான். இவரு மட்டும் என்ன? கல்யாண மண்டபத்துல பந்தியில உக்காந்து ரசத்துக்குக் காத்துக்கிட்டு இருந்தப்ப, பக்கத்து எலைக்காரரு செல்போன்ல ஒரு வீடியோ காமிச்சாரு. ரசம் வர்றதுக்குள்ள ஆர்வம் வந்துருச்சு. மோரு வர்றதுக்குள்ள மூணு பேரு சேந்து வண்டி வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. யாராச்சும் கேட்டாங்களா, ஏனுங்க இந்த வயசுல எப்படீன்னு? ஆம்பளைக்கு வந்தா ஹாபி. எனக்கு வந்தா மட்டும் காரணம் வேணும், கதை வேணும், கண்ணுல தண்ணி வந்தா இன்னும் நல்லது. எங்க நங்கையா, இவரோட அக்கா, போன் போட்டே கேட்டாங்க. 'ஏஞ் சாந்தாமணி, பேரன் பேத்தி எடுக்கற வயசுல இதென்ன கூத்து? நீ பாட்டுக்கு விழுந்து கிழுந்து வெச்சீன்னா என்ற தம்பிக்கு யாரு சோறாக்கறது?' சோறு. நான் விழுந்தா உசுரு போகும், எலும்பு நொறுங்கும், அதெல்லாம் ஒன்னுமில்ல. சோறு நின்னு போகும். அதான் கவலை. அன்னிக்கு ராத்திரி சோத்த ஆக்கி முன்னால வெச்சுட்டு, இந்தாங்க, உங்கக்கா விசாரிச்சாங்கன்னு சொன்னேன். புரியாம, 'அப்படியா, நல்லா இருக்கறாங்களா?'ன்னு கேட்டுட்டுச் சாப்பிட்டாரு.

சோறுன்னதும் ஞாபகம் வருது, இட்லியும் தேங்காச் சட்னியும் கார்லயே இருக்குது. வெயிலேறினா சட்னி ஊசிப் போயிரும். ஐயோ, இப்பக்கூட எனக்குச் சட்னிதான் ஞாபகம் வருது பாருங்க, என்னையச் சொல்லோணும். ஞாயித்துக்கெழம தவறாம இதுதான் என்ற வேலை. விடியறதுக்குள்ள எந்திரிச்சு இட்லி ஊத்தி, பிளாஸ்க்குல காப்பி ஊத்தி, கார் பின் சீட்டுல உக்காந்துக்கிட்டு இங்க வாரது. கூட்டாளிங்க எல்லாருக்கும் எலை போட்டுப் பரிமாறிட்டு, அப்பறம் கார்லயே உக்காந்திருக்கறது. கண்ணாடிய எறக்கி உட்டாப் புழுதி, ஏத்தி உட்டாப் புழுக்கம். கல்யாணமான புதுசுல ஸ்கூட்டர்ல பின்னால ஒருக்களிச்சு உக்காந்தேன். கார் வாங்கினப்ப மாமியா முன்னால உக்காந்தாங்க, நான் பின்னால. மாமியா போனாங்க, முன் சீட்டுல அவரு பை உக்காந்துச்சு. காரு கத்துக்கறேனுங்கன்னு ஒரு தடவ கேட்டேன். 'உனக்கெதுக்கு புள்ள, ரோடு பூரா லாரி'ன்னாரு. லாரி அவருக்கு மட்டும் ஒதுங்கியா போகுது? அப்ப எனக்கு ரோசம் வரல. வந்திருக்கோணும். ஒரு ஜென்மத்து ரோசமும் சேத்து வெச்சு இப்ப வருது, இந்தப் பெல்ட்டுக்குள்ள நெஞ்சு விம்முது, எட்வின் தம்பி இறுக்கினது பத்தலையோ என்னமோ. அங்க அவரு இன்னும் பேசறாரு. எட்வின் தம்பி தலைய ஆட்டறாரு. ஆமான்னு ஆட்டறாரா இல்லைன்னு ஆட்டறாரா? இங்கிருந்து பாத்தா ரெண்டும் ஒன்னாத்தான் தெரியுது.

அவருக்கு வண்டி ஓட்ட வரல. அத யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன், வரல. காரு ஓட்டி ஓட்டிப் பழகின காலு அது. இந்த வண்டி தரையில ஓடறப்ப வலது கால மிதிச்சா எடது பக்கம் திரும்பும். மேல போனா, கையில புடிச்சிருக்கற கம்பிய எடது பக்கம் தள்ளினா வலது பக்கம் சாயும். எல்லாமே எடக்கு. காரு, பைக்கு ஓட்டினவங்க அத்தன பேரும் இதுல தடுமாறுவாங்க, மூள சொல்றதக் காலு கேக்காது. அதோட ஆக்சிலேட்டரும் அந்த வலது காலுலதான் இருக்குது. ஒரு ஞாயித்துக்கெழம எட்வின் தம்பி எறங்கி நின்னுக்கிட்டு, தரையில மட்டும் ஒரு ஓட்டம் ஓட்டுங்க சார்னாரு. ஓட்டினாரு. மூக்கு சித்த எடது பக்கம் போச்சு. வலது பக்கம் திருப்போணும்னு வலது கால மிதிச்சாரு. இன்னும் எடது பக்கம் போச்சு. பயத்துல இன்னும் ஓங்கி மிதிச்சாரு. வண்டி எகிறிப் போயி கிளுவை வேலியில சொருகி நின்னுச்சு, ரெக்கைத் துணி டர்ருனு கிழிஞ்சு முள்ளுல தொங்குச்சு. எல்லாரும் ஓடினாங்க. எறங்கி வந்தவரு மொத வார்த்தையாச் சொன்னாரு, 'சைடுல காத்து அடிச்சிருச்சு.' காத்தா? நான் கார்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த ஆரஞ்சுப் பை செத்த எலியாட்டம் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும், ஆமா சார், காத்து சார்னாங்க. நானும் ஒன்னும் சொல்லல. அன்னிக்கு ராத்திரி முள்ளுக் கீறினதுக்கு மஞ்சப் பத்துப் போட்டு உட்டேன். அதுக்கப்பறம் அவரு வண்டியில ஏறவே இல்ல. முதுகு வலின்னாரு, ஆர்டர் நெருக்கடின்னாரு. ஆனா ஞாயித்துக்கெழம வாரது நிக்கல, இட்லியும் நிக்கல. மரத்தடியில நாக்காலி போட்டுக்கிட்டு, போறவன் வாரவனுக்கெல்லாம் காத்தப் பத்திப் பாடம் நடத்தினாரு.

சரி, ஆர்வம் வந்த கதைய இப்பச் சொல்றேன், எவளும் மைக்கு நீட்ட வேண்டாம். கிழிஞ்ச துணிய மாத்திப் புதுத் துணி போட்டாங்க. பின் சீட்டுல எடை வெச்சு ஒரு தடவ பறந்து பாத்தாத்தான் நம்ப முடியும்னாரு எட்வின் தம்பி. மணல் மூட்டைய எடுக்கப் போனா, மழையில நனைஞ்சு மக்கிக் கிழிஞ்சு மணல் பூராக் கொட்டிக் கெடக்குது. சுத்தியும் பாத்தாரு. கார்ல நான் உக்காந்திருக்கறேன். என்கிட்ட வந்து கேட்டாரா? மரத்தடிக்குப் போயி அவருகிட்டக் கேட்டாரு. 'சார், அக்காவப் பின்னாடி உக்கார வெச்சிக்கிடட்டுமா? எடை சரியா இருக்கும்.' இவரு சீட்டாடிக்கிட்டு இருந்தாரு. தலையத் தூக்காமச் சொன்னாரு. 'கூட்டிக்கிட்டுப் போங்க, சும்மாதானே உக்காந்திருக்கறா.' சும்மாதானே! விடியக்காலம் எந்திரிச்சு இட்லி ஊத்தினவ சும்மா. எச்செலை எடுத்தவ சும்மா. சீட்டாடறவரு வேலையா இருக்கறாரு. வரமாட்டேன்னு சொல்லியிருக்கோணும். கோவத்துல எந்திரிச்சுப் போயிட்டேன். சேலை முந்தி பறந்து காத்தாடியில மாட்டினா ஆளையே இழுத்துரும்னு, கிழிஞ்ச மூட்டையில கட்டியிருந்த சணல் கயித்த எடுத்து என்னையச் சேலையோட சேத்துச் சுத்திக் கட்டிட்டாரு எட்வின் தம்பி. அதே கயிறு. அதுல ஈர மணலு ஒட்டியிருந்துச்சு, இடுப்புல நறநறன்னு உறுத்துச்சு. மூட்டைக்குப் பதிலா மூட்டை. இதான் ஆர்வம் வந்த லட்சணம்.

வண்டி தரைய உட்டுச்சு. சுத்தி சுவரு இல்ல, கதவு இல்ல, காலுக்குக் கீழ ஒன்னுமே இல்ல. முருகா முருகான்னு எட்வின் தம்பி முதுகப் புடிச்சுக்கிட்டேன். அவரு பாவம், ஏசுவக் கும்புடறவரு. அப்பறம் கண்ணத் தொறந்தேன். எல்லாரும் என்ன சொல்றாங்க? சுதந்திரம், ஆகாசம், மேகம். எனக்கு அதெல்லாம் தெரியல. எனக்குத் தெரிஞ்சது எங்க காரு. கதவு தொறந்து கெடக்குது, நான் உக்காந்திருந்த எடம் காலியா இருக்குது. பக்கத்துல மரம், மரத்தடியில நாலு தலை, அதுல ஒன்னு வழுக்கை. ஒரு சுத்து சுத்தினோம், ரெண்டு சுத்து சுத்தினோம். ஒரு தலைகூட மேல நிமிரல. பொண்டாட்டிய ஒரு துணியில தொங்க உட்டு அனுப்பியிருக்கறோம், இருக்கறாளா விழுந்தாளான்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அண்ணாந்து பாக்கல. சீட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு அப்ப வந்துச்சுங்க. ஆர்வமோ எழவோ, பேரு என்னமோ. எறங்கினதும் கயித்த நானே அவுத்துப் போட்டுட்டு, 'தம்பி, இத நான் ஓட்டக் கத்துக்கலாமா?'ன்னேன். எட்வின் தம்பி சிரிப்பாருன்னு நெனச்சேன். 'காரு ஓட்டுவீங்களா அக்கா?'ன்னாரு. இல்லைன்னேன். 'பைக்கு, ஸ்கூட்டி?' ஒன்னும் தெரியாதுன்னேன். 'அப்ப சீக்கிரம் வந்துரும்க்கா'ன்னாரு. நெஜமாத்தான் வந்துச்சு. என்ற காலுக்கு மறக்கறதுக்கு ஒன்னுமில்ல. வலது கால மிதிச்சா எடது பக்கம் போகும்னாரு, சரின்னுச்சு காலு. அவ்வளவுதான். என்னைய ஒன்னுத்தையும் ஓட்ட உடாம வெச்சிருந்ததுக்கு அவருக்கு ஒரு கும்புடு போடோணும். இப்பப் போட மாட்டேன்.

ஆனா பயம் இல்லைன்னு யாரு சொன்னா? இருக்குது. மேக்கால கரண்டு லைன் போகுது. எஞ்சின் நின்னு போனா அந்தப் பக்கம் போகக்கூடாது, தெக்கால வெறுங்காட்டுல எறக்கோணும். அதக் கண்ண மூடிக்கிட்டு எத்தனயோ தடவ எறக்கிப் பாத்தாச்சு, அடுப்புல தோசை கருகற அளவுக்கு. பின்னால எட்வின் தம்பி இல்லைன்னா கொரல் இருக்காது. 'கம்பிய இழுங்கக்கா, சித்த இழுங்க, போதும்'னு சொல்ற கொரல். அந்தக் கொரல் இல்லாமக் கையி தானா இழுக்குமா? வேர்வை ஹெல்மெட்டுக்குள்ள எறங்கிப் பொடனியில வழியுது. ஒன்னுக்கு வேற வருது. கெளம்பறதுக்கு முன்னால போயிட்டுத்தானே வந்தேன்? அட கெரகமே. பயந்தா வரட்டும், பயம் என்றது. அதையுமா இன்னொருத்தரு பின்னால உக்காந்து பங்கு போட்டுக்கோணும்?

எட்வின் தம்பி வாராரு. மொகமே சரியில்ல. ஹெல்மெட்டுக் காத விலக்கிட்டுச் சொல்றாரு. 'அக்கா, சார் பின்னாடி உக்காருவேன்னு சொல்லுதாரு. எவ்வளவோ சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்காரு.' 'அப்ப இது சோலோ ஆகாதுல்லீங்க தம்பி?' 'ஆவாதுக்கா.' 'அத அவருகிட்டச் சொன்னீங்களா?' 'சொன்னேன். நமக்குள்ளதானே, யாருக்குத் தெரியப் போவுதுன்னு சொல்லுதாரு.' யாருக்குத் தெரியப் போகுதா? எனக்குத் தெரியும்! காத்து அடிச்சிருச்சுங்கற மாதிரி இதையும் எல்லாரும் தலையாட்டி ஒத்துக்கோணும், நானும் காலத்துக்கும் ஒத்தையாப் போனேன்னு பொய் சொல்லோணும். எட்வின் தம்பி தரையப் பாக்கறாரு. பாவம், காடு எங்க வீட்டுக்காரரு கூட்டாளியோடது, வண்டியிலயும் அவருக்குப் பங்கு, தம்பி என்ன பண்ணுவாரு. அதுக்குள்ள அவரே வந்துட்டாரு, தலையில ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு. அந்தப் புள்ள கேமராவத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வாரா. ஒரு கால எடுத்து மிதிக்கட்டையில வெச்சுட்டாரு, வண்டி ஒரு பக்கமாச் சாயுது. 'எறங்குங்க'ன்னேன். 'ஏம்புள்ள, ஒரே ஒரு சுத்துதானே. நான் வாயே தொறக்க மாட்டேன்.' 'எறங்குங்கன்னா எறங்குங்க.' இப்படி ஒரு கொரல்ல அவருகிட்ட நான் பேசினதில்ல. அந்தப் புள்ளகூட ஒரு எட்டுப் பின்னால போயிட்டா. அவரு எறங்கல. குனிஞ்சு, என்ற காதுக்கிட்ட, யாருக்கும் கேக்காத மாதிரிச் சொன்னாரு. 'நீ மேல போயி எதாச்சும் ஒன்னு ஆயிப் போச்சுன்னா நான் என்ன புள்ள பண்ணுவேன்?'

அப்பத்தான் பாத்தேன். கம்பியப் புடிச்சிருக்கற அவரு கை நடுங்குது. அந்த நடுக்கத்துல தலைக்கு மேல ரெக்கைத் துணியே படபடங்குது. வேலியில மோதினதுக்கு அப்பறம் இந்த வண்டியத் தொடாத கை. செத்தாலும் ஏற மாட்டேன்னு இருந்த மனுசன் இப்ப ஏறி உக்காரப் போறாரு. எதுக்கு? கேமராவுக்கா? சோத்துக்கா? இல்ல, எனக்கா? எனக்குத்தானோ? எனக்குன்னா இத்தன வருசம் இந்த அக்கறை எங்கீங்க போயிருந்துச்சு, சணல் கயித்துல கட்டி அனுப்பின அன்னிக்கு எங்க போயிருந்துச்சு, இன்னிக்கு மட்டும் எதுக்கு வந்து கழுத்தக் கட்டுது? கண்ணு கரிக்குது. வேர்வைதான். இப்ப நான் சரின்னு சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் எளுப்பம். அவரு கண்ண மூடிக்கிட்டு என்ற முதுகப் புடிச்சுக்குவாரு. முருகா முருகாம்பாரு. நான் ஓட்டிருவேன், நல்லாவே ஓட்டிருவேன். எறங்கினதும் மரத்தடிக்குப் போயி, நான் பின்னால இருந்ததுனாலதான் அவ தைரியமாப் போனாம்பாரு. 'நீங்க சும்மாதானே இருக்கீங்க?'ன்னேன். மனுசன் முழிச்சாரு. 'அந்த மூட்டையத் தூக்கிப் பின்னால வெச்சுக் கட்டுங்க.' ஞாபகம் வந்துச்சோ இல்லியோ, எனக்குத் தெரியாது.  அப்பறம் ஹெல்மெட்டக் கழட்டிப் புல்லுல வெச்சாரு. மூட்டையத் தூக்கினாரு. மொதலாளி ஆகறதுக்கு முன்னால அவரு பேக்கிங் செக்‌ஷன்ல பண்டல் கட்டினவரு, இன்னிக்கும் கம்பெனியில அவரு கட்டற மாதிரி யாருக்கும் வராது. பெல்ட்டப் போட்டது பத்தாதுன்னு சணல் கயிறு கொண்டாரச் சொல்லி, குறுக்க நெடுக்க உட்டு, சட்டத்துல காலக் குடுத்து ஓங்கி ஓங்கி இழுக்கறாரு. ஒவ்வொரு இழுப்பும் என்ற முதுகுல வந்து இடிக்குது. முடிச்சுப் போட்டுட்டு இன்னொரு முடிச்சும் போடறாரு. எட்வின் தம்பி வந்து மூட்டைய ஆட்டிப் பாத்தாரு. அசையல. 'சார், சூப்பர் சார்'னாரு. எங்க வீட்டுக்காரரு கையில இருந்த மணலத் தட்டிட்டுக் காரப் பாத்து நடந்து போறாரு, முதுகக் கூன் போட்டுக்கிட்டு. இட்லி இருக்குது, எடுத்துச் சாப்பிடுங்கன்னு கத்தினேன். அட, வாய் இருக்குதே, என்ற வாயி.

துணிப் பை தொங்கிருச்சு. ராக்கியண்ணன் அந்தக் கடைசியில இருந்து தலைத்துண்டக் கழட்டி ஆட்டறாரு, மயில் இல்ல. 'ஆன்ட்டி, ஒரே ஒரு பதில் ஆன்ட்டி, ஆர்வம் எப்படி...' உட மாட்டேங்கறா. 'மூட்டை கிழிஞ்சு போச்சு, அதனால வந்துச்சு'ன்னேன். அவ கேமராவப் பாத்து முழிக்கறா, எழுதிக்கட்டும் அவளுக்குத் தோணினத. எஞ்சின் புடிச்சிருச்சு, பல்லெல்லாம் ஆடுது. வலது காலு. மிதி. இன்னும் மிதி. புல்லு ஓடுது, பாதை குலுங்குது, மூக்கு சித்த எடது பக்கம் போகுது. எடது காலு. நேராயிருச்சு. கம்பிய முன்னால தள்ளு சாந்தாமணி, குலுக்கல் நின்னு போச்சு. ஐயோ, மேல வந்துட்டேன். யாரும் ஒன்னும் சொல்லல. பின்னால மூட்டை கம்முனு இருக்குது, இத்தன நாளா நான் இருந்தாப்பல. அழுகையா வருது, சிரிப்பா வருது, ரெண்டுக்கும் இப்ப நேரமில்ல, கரண்டு லைன் வருது, திரும்பு. எடது பக்கம் தள்ளினா வலது பக்கம் சாயுது, சொன்ன சொல்லு கேக்குது வண்டி. கீழ வலது பக்கத்துல காரு இருக்கும், எனக்குத் தெரியும், கதவு தொறந்திருக்கும், அதுக்குப் பக்கத்துல ஒரு வழுக்கத் தலை இருக்கும். ஒரு தடவ எட்டிப் பாத்தாப் போதும், அது குனிஞ்சிருக்குதா அண்ணாந்திருக்குதான்னு தெரிஞ்சு போயிரும். அதத் தெரிஞ்சுக்கறதுக்குத்தானே அன்னிக்கு இருந்து இவ்வளவும் பண்ணினேன்? பாக்கலாம். பாத்தா கை கோணிப் போயிரும். இந்தா, ரன்வே நேரா வந்துருச்சு, கம்பிய இழுக்கோணும், சித்த இழுக்கோணும், போதும். பாத்தாரா பாக்கலையான்னு எறங்கினப்பறம் அவரே சொல்லட்டும். எனக்கு இப்ப வேலை இருக்குது.